ஸ்டெல்லாவின் பார்ட்னர்

ஜூன் 4, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. செனாய் ஃபேக்டரிக்குப் போகும் பஸ் லேட். பஸ்ஸில் இருக்கும்போது மகள் ஸ்டெல்லாவின் மெசேஜ், சிங்கப்பூரிலிருந்து. எல்லாம் இங்கிலீஷ். ஞாயிறு தன் பார்ட்னர் ராபினைக் கூட்டி வருகிறாளாம். அடுத்த வரி: ‘தே’, அதாவது அவர்கள், ஆட்டிறைச்சி சாப்பிடமாட்டார்களாம்.

பார்ட்னர் என்றால் கடையில் பங்குக்காரர். இவள் ஆஸ்பத்திரி நர்ஸ், இவளுக்கு என்ன பங்கு? பக்கத்து சீட் தேவியிடம் காட்டினேன்.

“அலமாக், அக்கா! மாப்பிள்ள லா. ‘தே’ன்னு போட்டிருக்கே, குடும்பத்தோட பொண்ணு பாக்க வர்றாங்க!”

ஸ்டெல்லாவின் அப்பா உயிரோடு இருந்திருந்தால்... அண்ணனுக்குப் போன் போட்டேன்.

ஜூன் 6, சனி

கோழி, மீன், பாயாசத்துக்கு ஜவ்வரிசி. கர்ட்டன் துவைத்தாயிற்று. அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்.

“எத்தன பேரு வர்றாங்க, மேரி?”

“தெரியல அண்ணே. ‘தே’ன்னுதான் போட்டிருக்கா.”

ஸ்டெல்லாவிடம் கேட்கக் கூச்சம்.

ஜூன் 7, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் ஓடிவந்து சமையல். மதியம் டாக்சியிலிருந்து ஸ்டெல்லாவும் இன்னொருவரும் மட்டும் இறங்கினார்கள். ஒட்ட வெட்டிய முடி, காதில் சின்னத் தோடு, வெள்ளைச் சட்டை. ஈப்போக்காரப் பிள்ளை, நல்ல தமிழ்.

“மத்தவங்கல்லாம் பின்னால வர்றாங்களா?”

“யாரு மத்தவங்க? ராபின் மட்டும்தாம்மா.”

“‘தே’ன்னு போட்டியே?”

ஸ்டெல்லா நாற்காலி வரிசையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். ராபின் தன்னை ஆண் என்றும் சொல்வதில்லை, பெண் என்றும் சொல்வதில்லை. அதனால் ஒருவரானாலும் ‘தே’தானாம். பார்ட்னர் என்றால் கூடவே வாழப்போகிறவர்.

அண்ணன் நேராகவே கேட்டுவிட்டார். “தம்பின்னு கூப்பிடவா, பாப்பான்னு கூப்பிடவா?”

“ராபின்னே கூப்பிடுங்க, அங்கிள்.”

அண்ணன் எழுந்துவிட்டார். சாப்பிடவில்லை. கார் போகும் சத்தம்.

ஸ்டெல்லா பையை எடுத்தாள். “வா ராபின், போலாம்.”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவள் இன்று இப்படிப் போனால் திரும்பி வரமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

“உக்காருடி. அவங்க பசியோட வந்திருக்காங்க. மீன் எடுத்து வை.”

“அம்மா, இப்ப என்ன சொன்னீங்க?”

“மீன் எடுத்து வைன்னேன்.”

“இல்ல. ‘அவங்க’ன்னீங்க.”

“வீட்டுக்கு வந்தவங்கள வேற எப்படிச் சொல்றது?”

ராபின் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதான் ஆன்ட்டி, ‘தே’.”

மூவரும் சாப்பிட்டோம். ரசம் பிடித்ததாம். மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் 8, திங்கள்

தலைவலி. வேலையில் தேவி விடவில்லை. “மாப்பிள்ள எப்படிக்கா?”

“நல்லவங்க” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. பயம்தான். சர்ச்சில் என்ன பேசுவார்கள்? சாமியார் என்ன கேட்பார்?

சாயங்காலம் அண்ணன் போன். “எனக்கு மனசு ஒப்பல, மேரி. ஆனா சாப்பிடாம எந்திரிச்சது தப்பு.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ஜூன் 10, புதன்

நல்ல வெயில். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் இன்னும் வரவில்லை.

ஸ்டெல்லா கூப்பிட்டாள். “அம்மா, ராபின் ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ஆன்ட்டின்னு கூப்பிட்டா யாரோ மாதிரி இருக்காம். வேற எப்படிக் கூப்பிடலாம்?”

அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அத்தைன்னு கூப்பிடச் சொல்லு.”

“அம்மா... நெசமாவா?”

“சோறு பொங்குது, வை” என்று போனை வைத்துவிட்டேன்.