சுனீஷ் சொன்ன கஷ்டம்

மௌனிகா,

குக்கரில் அரிசிம்பருப்புச் சாதம் இருக்கிறது. நெய் நீயே ஊற்றிக்கொள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். கொழிஞ்சாம்பாறை தீவனக் கடையில் பகல் வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம், போய்ப் பார்க்கிறேன்.

நேற்று உன்னிடம் கத்தியது தப்பு. வீடியோ கேமில் அந்தக் கோட்டைக் காவல்காரனிடம் நான் மறுபடி மறுபடி செத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு சுனீஷ் "கஷ்டம்!" என்றான். நீ பெருமையாக, "ஆமாங்ண்ணா, லேசான ஆட்டமெல்லாம் இவரு தொடவே மாட்டாருங்க" என்றாய். அவன் சிரித்தான். மலையாளத்தில் அதற்கு 'ஐயோ பாவம்' என்று அர்த்தம். பொள்ளாச்சிக்காரிக்கு எப்படித் தெரியும்? அவன் மேல் வந்த கோபத்தை உன் மேல் காட்டினேன்.

ஆனால் நீ சொன்னதுதான் சரி. போன மாதம் ஆடிய கார் பந்தயத்தைக் கண்ணை மூடிக்கொண்டே ஜெயிக்கலாம், அழித்துவிட்டேன். அதற்கு முந்தைய பேய் ஆட்டம் காரணமே இல்லாமல் கொல்லும். காவல்காரன் அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் எங்கே தப்பு செய்தேன் என்று எனக்கே தெரிகிறது. அதுதான் கஷ்டமான ஆட்டம்.

நைட் ஷிப்டை ஏன் விட்டீங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அது பேய் ஆட்டம். அவ்வளவுதான்.

மத்தியானம் சுனீஷ் தன் கன்ட்ரோலரைத் திரும்ப வாங்க வருவான். கொடுத்துவிடு.

அருள்

கொடுக்காதே. நாளைக்கு வரச் சொல். காவல்காரனை இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன்.

வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் நீயும் "கஷ்டம்" என்று சொல். தமிழில் சொல்.