வாசலில் இறங்கிய மீன்

இன்று காலை தி.நகரில் பேருந்தை விட்டு இறங்கி நடக்கையில், பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "யக்கா, செருப்பு இங்கியே கீது பாரு!" திரும்பினேன். என் இடது செருப்பு நடுத்தெருவில் கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. உன் நினைவு வந்தது.

உனக்கும் இப்படித்தான் தொடங்கியது. புடவைக் கடையில் நாம் அடுத்தடுத்து நின்ற நாட்களில், காலில் எறும்பு ஊர்கிறது என்பாய். நாளெல்லாம் நிற்கிற நமக்கு அது வியாதியாகவே தோன்றவில்லை. பிறகு உன் நாக்கு சிவந்து வழவழப்பானது. ரசம் சோறுகூட எரிந்தது. உன் டப்பாவில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

"குப்பத்துல இருந்துகினு மீன் இல்லாம துன்றியேடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வாசல்லதான் மீன் எறங்குது. வெலைய கேட்டா தல சுத்துது. முட்டையும் ஏறிப்போச்சு, பாலும் ஏறிப்போச்சு. வாங்கறது பசங்களுக்கே பத்தல. எனக்கின்னா, ரசம் போதும்," என்று சிரித்தாய்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், புடவைக் கட்டோடு மாடிப்படியில் மூச்சுவாங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. பி12 என்ற வைட்டமின் உடம்பில் வற்றிப்போய் வெகுகாலம் ஆகிறது என்றார். "மீன், முட்டை, பால் எதுவுமே சாப்பிடறதில்லையா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். ரத்தம் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். களைத்துப்போன இதயம் அதற்குள் நின்றுவிட்டது.

நீ போன பிறகும் விலை இறங்கவில்லை. என் வீட்டில் முதலில் மீன் நின்றது. பிறகு என் பங்கு முட்டை, கடைசியில் என் டீயில் பால். யாரும் கவனிக்கவில்லை.

இன்று நான் கடைக்குப் போகவில்லை. நேராக அடையாறில் ஒரு லேபுக்குப் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டினேன். "சின்ன ஊசிதானேம்மா, ஏன் இப்படி பயப்படறீங்க?" என்றாள் நர்ஸ். பி12 அளவையும் பார்க்கச் சொன்னேன்.

முடிவு நாளைதான் வரும். முட்டை வாங்கிவந்து அவித்தேன். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு எனக்கும் ஒன்று வைத்துக்கொண்டேன்.

மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "உனக்குத்தான் முட்டையே புடிக்காதேம்மா?"

அவளுக்கு அப்படித்தான் தெரியும். முட்டையை வாயில் போட்டுக்கொண்டேன். நீ விட்டுப்போன பயம்தான் அதை உள்ளே தள்ளியது.