விஷ அலமாரிச் சாவி

சேசு மரி சூசை துணை

தோட்டத்து ஆஸ்பத்திரி,
பத்து காஜா, மலாயா,
ஆகஸ்டு 1927

அன்புள்ள ரோசம்மாவுக்கு உன் புருஷன் கஸ்பார் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகம் என்று உன் அண்ணன் எழுதியிருக்கிறார். நான் அதை நம்பவில்லை.

மச்சான், இதை நீங்கள்தான் அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறீர்கள். கஷ்டமான வரிகளை விழுங்கிவிட்டு மழையையும் நலம் விசாரிப்பதையும் மட்டும் படிக்காதீர்கள். முழுவதும் படியுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ரோசம்மா, வயிற்று வலிக்குத் தூத்துக்குடிக் கடைக்காரர் கொடுக்கும் கசப்பு மருந்து உடனே கேட்கிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, அதனால் இங்கிருந்து இரண்டு புட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அது குளோரோடின். அபின் சத்து கலந்தது. என் அலமாரியிலும் இருக்கிறது. ஆனால் அனுப்ப மாட்டேன்.

இங்கே நான்கு மாநிலங்களுக்கும் பொதுவான மருந்துச் சட்டத்தை இந்த வருஷம் இறுக்கிப் பிடிக்கிறார்கள். இந்த மாதிரி மருந்தையெல்லாம் விஷ அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். டாக்டர் கைப்பட எழுதித் தராமல் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. சாவி என் பொறுப்பு. குளிக்கும்போதும் அது அரைஞாணில் தொங்குகிறது. கட்டின பெண்டாட்டியைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு ஒரு சாவியோடு குடித்தனம் நடத்துகிறேன், போ. அதை வாங்கிக்கொள்ள அனுமதி உள்ள, என்னைப் போல் மருந்து கொடுக்கும் வேறொரு டிரசர் வந்தால்தான் எனக்கு லீவு. தோட்டத்துத் துரையிடம் கேட்டால் ஆள் வரட்டும் என்கிறார். ஆள்தான் வந்தபாடில்லை.

முன்பெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடிந்ததும் யாராவது காலிப் புட்டியோடு வருவார்கள். வயிற்றுக் கடுப்புக்கு நாலு சொட்டு வாங்கிக்கொண்டு, ஊர்க்கதை பேசிவிட்டு, மரவள்ளிக் கிழங்கு வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது மருந்து கிடையாது என்று தெரிந்து ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்னைப் போலீஸ்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். சோறு வடித்து, தனியாகத் தின்று, தட்டைக் கழுவி வைக்கிறேன். சில நாள் என் குரலே எனக்குப் புதிதாக இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்த நேரம் மாயாண்டி ஓடி வந்தான். இங்கே பால் வெட்டுகிறவன். பெண்டாட்டி கருப்பம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாளாம், அந்த மருந்தைக் கொடு என்றான். டாக்டர் சீட்டு இல்லாமல் முடியாது, வண்டி பூட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றேன். “எம் பொஞ்சாதி துடிக்கிறா, நீ சட்டம் பேசுறியே, ஒனக்குப் பொண்டாட்டி புள்ள இருந்தாத்தானே தெரியும்” என்று கூலிகள் குடியிருக்கும் லயமே கேட்கக் கத்திவிட்டுப் போனான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சட்டத்தையும் சாவியையும் வாயில் வந்தபடி திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கருப்பம்மாள் வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். வலது பக்கம் உள்ளே குடல்வால் சீழ் பிடித்திருந்ததாம். மருந்து கொடுத்து வலியை அமுக்கியிருந்தால் வீட்டிலேயே படுத்திருப்பாள், அது உள்ளே உடைந்து அவள் போயே போயிருப்பாள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவள் பிழைத்து வந்தாள்; மாயாண்டி மறுபடி கிழங்கு கொண்டுவந்தான். அதை வாங்கி வைத்தேன். என் நினைப்பெல்லாம் உன்னிடம் இருந்தது.

நீயும் வலது பக்கம், கீழே என்றுதானே எழுதச் சொன்னாய்?

உனக்கும் அதேதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது, ரோசம்மா. உங்கள் ஊரில் அந்தப் புட்டியைப் பூட்டி வைக்க ஆள் இல்லை. கேட்டால் கொடுக்கிறார்கள். நாளைக்கே இங்கே சட்டத்தை எடுத்துவிட்டாலும் நான் அதை உனக்கு அனுப்ப மாட்டேன். என்னைக் கல்நெஞ்சன் என்று திட்டிக்கொள். புட்டியைக் கொல்லையில் கொட்டிவிடு. வலித்தால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல். பொறுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்க வேண்டாம்.

மச்சான், அவளைப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அறுக்க வேண்டும் என்றால் என்னைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். சரி என்று சொல்லுங்கள். கடிதம் கப்பலேறி வருவதற்குள் காலம் போய்விடும்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பதிலை மச்சானே எழுதட்டும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நீ உன் கையால் ஒரு சிலுவை போடுவாய். போன கடிதத்தில் அது இல்லை. திருப்பித் திருப்பித் தேடினேன். இந்த முறை எத்தனை கோணலாக வந்தாலும் சரி, நீயே போடு.

உன் கஸ்பார்