டின்னுக்குள் ஒரு மாத்திரை அட்டை

பால்மாவு டின்னைத் திறந்தால் வரும் மணம் உனக்குத் தெரியும். பாச்சை உருண்டை, பழைய காகிதம், அடியில் இன்னும் போகாத ஒரு இனிப்பு வாசம். நேற்று முழுக்க உங்கள் பங்குக் கோயில் கூடத்தில் அந்த மணத்துக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். மழையில்லை, காற்றில்லை, வெயில் பளீரென்று அடிக்கிறது. கள்ளக்கடல் மட்டும் ஏறி உங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எப்போதாவது வந்தது, இப்போது வருஷம் தவறுவதில்லை.

உங்கள் கரையில் வீட்டுக்கொரு டின் உண்டு. வளைகுடாவிலிருந்து வந்த பால்மாவு தீர்ந்ததும் ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், பட்டா, ஞானஸ்நானச் சான்று எல்லாம் அதில் குடியேறிவிடும். கடல் ஏறினால் முதலில் டின்னைத் தூக்குவோம், பிறகுதான் பிள்ளையை என்று நீயே கேலி செய்வாய்.

சில வருஷம் முன்பு வந்த பெரிய வெள்ளத்தில், டின்னோடு இதே கூடத்துக்கு வந்து சேர்ந்த ஒருவரிடமும் பிரஷர், சர்க்கரை மாத்திரை இல்லை. அது டிவி மேலேயே இருந்து நனைந்துபோயிற்று. மூன்றாம் நாள், பேசிக்கொண்டிருந்த உன் பெரியப்பா வாய் கோணிச் சரிந்தார். பட்டா பத்திரமாக இருந்தது. அவருக்கு வலக்கை போயிற்று.

அடுத்த வாரமே சுகாதார நிலையத்தில் என் மருந்து ஜன்னல் முன் வந்து நின்றாய், கிராம செவிலியர் சீருடை கசங்க.

"ஏட்டி, மழைக்கு முன்ன ஆளுக்குப் பதினஞ்சு நாள் மாத்திரை கூடக் குடு. டின்னுக்குள்ள வைக்கச் சொல்லுகேன்."

"ஒரு மாசத்துக்குத்தான் குடுக்கலாம். கூடக் குடுக்க மேல கேக்கணும்."

"அப்ப கேளு. கடலு உனக்க அனுமதிக்குக் காத்து நிக்காது, கேட்டியா? நீ மருந்துக்குக் காவலா, மனுசருக்குக் காவலா?"

எனக்கு வந்த கோபத்தில் நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நானே கடிதம் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். அனுமதி வந்தது. பிறகு நீ ஆடிய ஆட்டம்! ஞாயிறு பூசை முடிவில் பாதிரியாரை அறிவிக்க வைத்தாய். இன்சுலின் சூட்டில் கெடாமலிருக்க, அதைப் போடுகிறவர்களை மீனுக்கு ஐஸ் விற்பவரோடு சேர்த்துவிட்டாய். ஒவ்வொரு மழைக்கு முன்பும் வீடு வீடாகப் போய், டின்னில் இருக்கும் அட்டையை எடுத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் புதியதை வைத்தாய். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அப்படித் துருவியிருக்க மாட்டாள்.

களியக்காவிளை ரோட்டில் லாரி மோதி நீ போன பிறகு, இதை யார் செய்வார்கள் என்று பயந்தேன். வீண் பயம். நேற்று டின் டின்னாகத் திறந்தேன், எல்லாவற்றிலும் அவர்களே மாற்றி வைத்த அட்டை இருந்தது.

ஒரே ஒருத்தி வெறுங்கையோடு வந்தாள். வேறு கரையிலிருந்து புதிதாகக் குடிவந்த லில்லி. பிரஷர்காரி, இரண்டு நாளாக மாத்திரை இல்லை. தலை சுற்றிச் சுவரோரம் சாய்ந்திருந்தாள். சுகாதார நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர். அப்போதுதான் உன் வீட்டுக்காரர் உன் டின்னோடு வந்தார்.

"நீங்களே தொறங்க. எனக்கு மனசு வரல்ல."

திறந்தேன். நீ சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரை, பிரிக்காத அட்டை, மேலே என் கையெழுத்தில் 'காலை ஒன்று'. லில்லி சாப்பிடும் அதே மருந்து, அதே அளவு. காலாவதித் தேதி பார்த்தேன், டாக்டரிடம் போனில் கேட்டேன், கொடுத்தேன். ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்கு நான் கொடுப்பது இதுதான் முதல்முறை. அவள் விழுங்கும்வரை உன் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் லில்லி எழுந்து கஞ்சி குடித்தாள்.

இன்று தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக லில்லிக்கு ஒரு டின் தேடிக் கொடுத்தேன். உன் டின்னிலும் ஒரு புது அட்டை வைத்தேன். இனி மழைக்கு மழை நானே வந்து மாற்றுவேன். நான் எதற்குக் காவல் என்று நீ கேட்ட கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும்தான், ஏட்டி.