பாரிசவாயு இல்லை, டென்னிஸ் எல்போ

மயிலாப்பூர்
8-2-1994

ஆத்துக்காரருக்கு தர்மாம்பாள் அநேக நமஸ்காரம். கற்பகாம்பாள் கிருபையில நான் சௌக்கியம். உங்க இருமல் நின்னுதா? வெந்நீர்தானே குடிக்கறேள்?

வலது கையைத் தூக்க முடியலை, வந்து ஊருக்கு அழைச்சுண்டு போங்கோன்னு போன லெட்டர்ல எழுதினேனே, அதை மறந்துடுங்கோ. எங்க சமையல் காண்ட்ராக்டர் வைத்தா, "இது பாரிசவாயு மாமி, ஒரு பக்கமே விழுந்துடும், ஊருக்குக் கிளம்புங்கோ"ன்னுட்டான். நான் விடலை. லஸ் பக்கத்துல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட அவனையே அழைச்சுண்டு போனேன்.

"என்ன வேலை பண்றேள்?"னு டாக்டர் கேட்டார். கல்யாணச் சீருக்குக் கைமுறுக்கு சுத்தறேன்னேன். அவருக்குப் புரியலை. மேஜையில இருந்த பேண்டேஜ் துணியை எடுத்து ஏழு சுத்து சுத்திக் காட்டினேன். உடனே முழங்கைக்கு வெளிப்பக்கம் எலும்பை அழுத்தினார். கபாலீன்னு கத்திட்டேன். அப்புறம் என் நடுவிரலை அழுத்திண்டு, தூக்குங்கோன்னார். வலி அதே இடத்துல.

"வாதமெல்லாம் இல்லை மாமி. இது டென்னிஸ் எல்போ."

"நான் பல்லாங்குழிக்கு மேல ஒண்ணும் ஆடினதில்லையே டாக்டர்."

"அவா மட்டையைத் திருப்பறா, நீங்க மாவைத் திருப்பறேள். ஆறு வாரம் முறுக்கு சுத்தாதேங்கோ, போறும்."

வைத்தா மூஞ்சியைப் பார்க்கணுமே. இப்போ நாலு பொண்ணுகள் சுத்தறா, நான் நாற்காலில உக்காந்து கோணலா வந்ததை ஒதுக்கறேன்.

தலை பின்னிக்கத்தான் கஷ்டமா இருக்கு. அழைச்சுண்டு போக வர வேண்டாம். நம்மாத்து விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் வேணும், கைக்குத் தடவ. தபால்ல அனுப்பாதேங்கோ, கொட்டிடும்.

முறுக்கை ஏத்திண்டு போக கல்யாண மண்டபத்து வண்டி வந்துடுத்து.

உங்க தர்மு