நூற்றில் தொண்ணூற்றிரண்டு

அன்புள்ள அம்மா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: உங்கள் மகன் ஹான்பியோல் தன் காலுறையைத் தானே துவைத்தான்.

உடம்பு எப்படி இருக்கிறது? புற்றுநோய் ஊசியை நிறுத்தப்போகிறீர்கள் என்று அக்கா எழுதினாள். நான் சம்மதிக்கவில்லை.

இங்கே டேஜான் நகரத்து ஆய்வகக் கணினியில் ஓர் உடலை அமைத்து, மருந்து சுமக்கும் நுண்துகள்களை ரத்தத்தில் ஓடவிட்டேன். "நூத்துல ஒண்ணு கட்டிக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிசுடா, பொடிப்பயலே!" என்றார் மேற்பார்க்கும் சோ அண்ணன். தொண்ணூற்றிரண்டு சேர்ந்தன! "இப்ப யாருண்ணே பொடி?" என்றேன்.

வறுத்த நெத்திலி அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடும்போது கடிக்கிற சத்தமாவது கேட்கட்டும்.

அவசரமாக ஓர் உண்மை, மேலே உள்ளதை எழுதிய பிறகுதான் தெரிந்தது: அந்த உடலில் கல்லீரலை வைக்கவே மறந்திருந்தேன். துகள்களை விழுங்குவதே அதுதானாம். வைத்ததும் நூற்றில் அரைகூடத் தேறவில்லை. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் அம்மா. அதுவரை ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹான்பியோல்