இரண்டு பொத்தான்களில் கைமாறிய கடிகாரம்

அனுப்புநர்:
சுன்னிவா பிரெக்கே,
எல்வெகாத்தா 17, இரண்டாம் மாடி,
லில்லஹாமர்.

பெறுநர்:
நுகர்வோர் நலன் ஆணையர் அவர்கள்,
ஒஸ்லோ.

பொருள்: ஸ்மார்ட்வாட்ச் எனப்படும் கைக்கடிகாரங்களுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டைக் கட்டாயமாக்கக் கோருதல் – நான் விழுந்தால் உதவியை அழைக்க வேண்டிய கடிகாரம் வேறொருவர் விழுந்ததற்கு அழைத்தது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

1. நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசிக்கிறேன். மொழிபெயர்ப்பாளர், வேலையும் வீட்டில்தான். எனக்கு வலிப்பு நோய் உண்டு. இதை நான் அநேகமாக யாரிடமும் சொல்வதில்லை. இந்த மனு புரிவதற்கு அது தேவை என்பதால் இங்கே எழுதுகிறேன். வலிப்பு வந்து நான் விழுந்தால் மணிக்கட்டில் உள்ள கடிகாரம் அதிரும். நான் அதைத் தொட்டு நிறுத்தாவிட்டால் உதவி மையத்துக்குத் தகவல் போகும். மையம் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு என் அக்கா மார்ட்டேயை அழைக்கும். இந்தக் கடிகாரத்தை நகராட்சி எனக்குப் பயன்பாட்டுக்குத் தந்திருந்தது. அதை நம்பித்தான் நான் தனியாகக் குடியிருப்பதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதை நம்பித்தான் பனிச்சறுக்குப் பாதையில் தனியாகவும் போய்வந்தேன்.

2. கடந்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு மேலே உள்ள பாதையில் சறுக்கிக்கொண்டு போனேன். வெயில் பட்ட ஒரு மேட்டில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரிப்பதற்காகக் கையுறையை இழுத்துக் கழற்றினேன். அப்போது கடிகாரத்தின் வார் கையுறையோடு சிக்கி அவிழ்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் மணிக்கட்டு வெறுமையாக இருப்பதைக் கவனித்தேன். இதுவரை தவறு என்னுடையது; அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

3. கடிகாரத்தைக் கண்டெடுத்தவர் ஔடுன் என்ற பேருந்து ஓட்டுநர். பாதையில் கிடக்கும் ஒற்றைக் கையுறையை நாம் எல்லோரும் என்ன செய்வோமோ அதையே அவரும் செய்தார். பக்கத்தில் இருந்த வழிகாட்டிக் கம்பத்தின் நுனியில், கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், வாரைப் பூட்டி மாட்டிவிட்டுப் போனார். தொலைத்தவர் தேடி வரும்போது பொருள் அங்கேயே இருக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போவது முறையல்ல என்ற நம் வழக்கத்தை ஆணையர் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது போதாதென்று, கடிகாரம் எந்தக் கம்பத்தில் தொங்குகிறது என்பதைப் படத்தோடு ஊர் முகநூல் குழுவிலும் போட்டார். நான் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் மேலே போனபோது கம்பம் இருந்தது, கடிகாரம் இல்லை.

4. பின்னர் ஔடுனை நேரில் சந்தித்தேன். மனிதர் வெட்கப்பட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதை அவர் வாயாலேயே தருகிறேன்: "எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பாத்தேன்மா. மணி சொல்லுச்சு. மைனஸ் ஒன்பதுன்னு குளிர் சொல்லுச்சு. என் இதயம் எப்படி அடிக்குதுன்னுகூடச் சொல்லுச்சு. யாரோட வாட்ச்னு மட்டும் வாயே திறக்கல. நான் என்ன பண்றது? கையுறை மாதிரிதான் மாட்டிட்டு வந்தேன்."

5. ஆணையர் அவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன். திருப்பித் தர விரும்பிய ஒருவரிடம் அந்தக் கடிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து வந்து எடுத்தவரோ இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தார். அது அரை நிமிடத்தில் என்னைப் பற்றிய எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு, புதிதாகக் கடையிலிருந்து வந்ததைப் போல், "எந்த மொழி வேண்டும்?" என்று கேட்டது. கடவுச்சொல் கேட்கவில்லை. பழைய கைபேசியின் ஒப்புதலைக் கேட்கவில்லை. நேர்மையானவருக்குப் பூட்டியும் திருடருக்குத் திறந்தும் இருக்கும் ஒரு பொருளை யாரும் வேண்டுமென்றே வடிவமைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்க வைப்பதற்காகவே இம்மனு.

6. கடிகாரம் தொலைந்த அன்றே அதை விற்ற நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். (நிறுவனத்தின் பெயரை இணைப்பில் மட்டும் தந்திருக்கிறேன். இது ஒரு நிறுவனத்தின் மீதான கோபம் அல்ல. அதே போன்ற கடிகாரங்களைப் பலரும் விற்கிறார்கள்.) சில நாட்கள் கழித்து, வாடிக்கையாளர் சேவையில் இருந்த இளைஞர் மிகுந்த கனிவுடன் சொன்னார்: "கவலைப்படாதீங்க மேடம், உங்க தகவல் எல்லாம் அழிஞ்சிருச்சு. இப்போ அது வேற ஒருத்தர் போனோட இணைஞ்சிருக்கு. யார் போனோட இணைஞ்சிருக்கோ அவங்கதான் ஓனர். பழைய ஓனர்னு எங்க சிஸ்டத்துல ஒண்ணுமே கிடையாது." திருடப்பட்ட பொருள் என்றேன். "அது போலீஸ் விஷயம் மேடம்" என்றார். காவல் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி, கம்பத்தில் மாட்டியிருந்ததை எடுத்தது திருட்டா, கண்டெடுத்ததா என்பதே கேள்வி என்றார். இருவரும் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

7. நகராட்சியில் மாற்றுக் கடிகாரம் கேட்டேன். என் பெயரில் உள்ள கடிகாரம் நன்றாக இயங்குவதாகக் கணினி காட்டுகிறது, இயங்கும்போது இன்னொன்று தர வழியில்லை என்று பதில் வந்தது. கடிகாரம் இயங்கியது உண்மைதான்; என் கையில் இயங்கவில்லை என்பது கணினிக்குத் தெரியவில்லை. காத்திருந்தேன்.

8. மார்ச் மாதம் ஒரு வியாழன் மாலை, உதவி மையத்திலிருந்து என் அக்காவுக்கு அழைப்பு வந்தது. உங்கள் தங்கை விழுந்துவிட்டார், எழுந்திருக்கவில்லை, இடம் பக்கத்து ஊரான யோவிக்கின் விளையாட்டரங்கம், ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது என்றார்கள். நான் அப்போது ஊர் நூலகத்தின் வாசிப்பறையில் கைபேசியை அணைத்து வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுச் செருப்போடு காரில் ஏறி, பனிமழையில் யோவிக் வரை ஓட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் எனக்கு அழைத்துக்கொண்டே போயிருக்கிறாள்.

9. அரங்கத்தில் பெண்களின் ஹேண்ட்பால் பயிற்சி, அதாவது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம், நடந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இருவர் கோல் வலைக்கு முன்னால் நின்று, தீரில் என்ற செவிலியர் கல்லூரி மாணவியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த அணியின் கோல்காப்பாளர். விழுவதுதான் அவள் வேலை. மணிக்கட்டுப் பட்டைக்கு அடியில் இருந்த கடிகாரம் அதிர்ந்ததை அவள் உணரவே இல்லை. "நான் விழல அண்ணா, பந்தைப் புடிச்சேன்!" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கடிகாரத்தை இணையத்தில் பழைய பொருள் விற்கும் பக்கத்தில், நல்லெண்ணத்தோடுதான் வாங்கியிருந்தாள். விற்றவரின் கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது.

10. நான் நூலகத்திலிருந்து வெளியே வந்து கைபேசியை இயக்கியபோது அக்காவின் குரல் கேட்டது. அவளுடைய முதல் வார்த்தைகளை இம்மனுவில் எழுத இயலாது. அடுத்தது இது: "எங்கடி இருக்க நீ? உசுரோடதான் இருக்கியா? இங்க ஒருத்தி உன் வாட்ச்சைக் கட்டிக்கிட்டு கோல் காப்பாத்திக்கிட்டு இருக்கா. நான் செருப்போட நிக்கிறேன், மொத்த டீமும் என்னையே பாக்குது!" பிறகு அவள் அழுதாள். அக்கா அழுது நான் அதிகம் கேட்டதில்லை.

11. இனி, நிறுவனத்தின் விளக்கத்தை இந்த நிகழ்ச்சியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். பழைய உரிமையாளர் என்று எங்கள் கணினியில் ஒன்றுமே இல்லை என்றார்கள். ஆனால் உதவி மையத்தின் சேவை கடிகாரத்தின் எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தது. அந்த எண் என் பெயரையும் என் அக்காவின் கைபேசியையும் ஒருநாளும் மறக்கவில்லை. ஆம்புலன்ஸ் அனுப்பும் அளவுக்கு என்னை நினைவில் வைத்திருந்த அதே கடிகாரத்தால், திருடரிடம் ஒரு கடவுச்சொல் கேட்க முடியாதா? முடியும். உரியவர் யார் என்பதை அறிந்துகொள்ளும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது. அதைப் பூட்டுக்கும் பயன்படுத்தவில்லை என்பதுதான் குறை. வேறு சில நிறுவனங்களின் கடிகாரங்கள், அழித்தாலும் உரியவரின் கடவுச்சொல் இன்றி இயங்க மறுக்கின்றன. நம் கைபேசிகள் பல ஆண்டுகளாகவே அப்படித்தான். ஆகவே, நான் கேட்பது இனிமேல் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல.

12. யோவிக் நிகழ்ச்சிக்கு அடுத்த வாரம், கடிகாரம் இன்னும் என் கைக்கு வந்து சேராத நிலையில், நான் என் சமையலறையில் விழுந்தேன். இதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. கண் விழித்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது, தரையெல்லாம் தண்ணீர், வெளியே இருட்டியிருந்தது. யாரும் வரவில்லை. யாருக்கும் யாரும் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரர் தன் உட்கூரையில் ஈரம் ஊறுவதைச் சொல்ல வந்து கதவைத் தட்டியதால்தான் எழுந்தேன்.

13. நான் விழுந்த மறுநாள், தீரில் யோவிக்கிலிருந்து நேரில் வந்து கடிகாரத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். "இது என்னோடது இல்லக்கா, வெச்சுக்கிட்டா ராத்திரி தூக்கம் வராது" என்றாள். ஏமாற்றப்பட்டவள் அவளும்தான், நஷ்டம் அவள் தலையில் விழக்கூடாது. நான் இரண்டு பொத்தான்களை அழுத்தினேன். கடிகாரம் உடனே எனக்குக் கீழ்ப்படிந்தது. திருடருக்கு எவ்வளவு எளிதாகக் கீழ்ப்படிந்ததோ அவ்வளவு எளிதாக. நான் தனியாக வசிக்கலாமா என்று முடிவு செய்யும் நகராட்சி மதிப்பீட்டாளர் இதைக் கேட்டுவிட்டு, இப்படி எவருடையதாகவும் மாறக்கூடிய கருவியை இனி என் பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று முடிவு செய்திருக்கிறார். உரிய பூட்டு வரும் என்ற உறுதி கோடைக்குள் கிடைக்காவிட்டால், நான் இந்த வீட்டைக் காலி செய்து, பராமரிப்பாளர்கள் இருக்கும் கூட்டுக் குடியிருப்புக்குப் போக வேண்டும் என்கிறார். அவர் சொல்வதில் தவறு இல்லை. அவர் முன்னால் இருக்கும் கருவியில்தான் தவறு.

14. எனவே ஆணையர் அவர்களிடம் கோருவது: நம் நாட்டில் விற்கப்படும் எந்த ஸ்மார்ட்வாட்சும் உரியவரின் கடவுச்சொல் இல்லாமல், பொத்தானை அழுத்தியோ வேறு வழியிலோ, புதியவர் கைக்குப் போகக்கூடாது. விற்கவோ கொடுக்கவோ விரும்பும் உரியவர் தாமே அதை விடுவிக்கலாம். இறந்தவருடையதை வாரிசுகள் சான்று காட்டி விடுவிக்கலாம். ஆகவே பழைய பொருள் வாங்குவோருக்கு இதனால் இடைஞ்சல் என்ற வாதம் நிற்காது. தீரிலைப் போன்றவர்களை அது காப்பாற்றவே செய்யும். அடுத்து, பூட்டிய கடிகாரம் கண்டெடுத்தவருக்கு ஒரு தொலைபேசி எண்ணைக் காட்ட வேண்டும். எண் மட்டும், பெயர் வேண்டாம், நோயும் வேண்டாம். என் உடம்பின் செய்தியைப் பனியில் நடந்துபோகும் எவரும் படிப்பதை நான் விரும்பவில்லை. ஔடுனுக்கு அந்த எண் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். மேலும், கடிகாரம் கைமாறினால் உதவி மையச் சேவையும் அந்த நொடியே நிற்க வேண்டும். நின்றது என்று உரியவருக்குத் தெரிய வேண்டும்.

15. பொது விதி வருவதற்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அதுவரை, எனக்குத் தரப்பட்ட இந்த வகைக் கடிகாரத்துக்கேனும் பூட்டை மென்பொருள் வழியாக உடனே வழங்குமாறு நிறுவனத்துக்கு அறிவுறுத்தி, அதன் உறுதிமொழியை எங்கள் நகராட்சிக்கு அனுப்பச் செய்ய வேண்டுகிறேன். அவர்களால் முடியும், அவர்களுடைய பொறியாளர் ஒருவரே தொலைபேசியில் என்னிடம் "ரெண்டு வாரத்து வேலைங்க அது, யாராவது மேலிருந்து சொல்லணும்" என்றார். ஆணையர் அவர்கள் மேலிருந்து சொல்ல வேண்டும்.

16. இப்போது என் அக்கா இரவுகளில் என் கூடத்துச் சோபாவில் படுத்துக்கொள்கிறாள். குறட்டை விடுகிறாள், நான் விடுவதாக அவள் சொல்கிறாள். அவளுக்குச் சொந்த வீடும் கணவரும் இருக்கிறார்கள். அவள் விருந்தாளியாக வர வேண்டும் என்பதே என் விருப்பம், காவலாளியாக அல்ல. தங்கள் பதிலை மேலே தந்துள்ள முகவரிக்கே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். கோடை முடிந்த பிறகு அனுப்பினாலும் அந்த முகவரிக்கே அனுப்பலாம். நான் அங்கேதான் இருப்பேன்.

இடம்: லில்லஹாமர்
நாள்: ஏப்ரல் 22

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சுன்னிவா பிரெக்கே

இணைப்பு: நிறுவனத்தின் பெயரும் கடிகாரத்தின் எண்ணும், நகராட்சி மதிப்பீட்டாளரின் முடிவு, நகல்.